வேலிக்கு அந்தப் பக்கத்து ஹைட்ரஜன்

எங்கள் வீட்டில் மழைக்குப் பயந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பா. சுருளிப்பட்டியில் பன்னீர் திராட்சை போட்டிருந்தவருக்கு, பறிக்கிற நேரத்தில் மழை பிடித்தால் பழமெல்லாம் வெடித்துவிடும். இன்னொருத்தி அப்பாவின் தங்கை, என் அத்தை. மதுரையில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவள் குடுவையில் உண்டாக்கப் பார்த்த பொருளுக்கு ஈரக் காற்றே ஆகாது; கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் உள்ளே இருக்கிற ஹைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும். இரண்டு முறை அப்படிப் பறிகொடுத்துவிட்டு, ஊருக்கு வந்து சோறு வேண்டாமென்று படுத்துக்கொண்டாள்.

இரண்டாம் முறைக்குப் பிறகு அப்பா கறாராகச் சொல்லிவிட்டார். தை வரைக்கும் பார்ப்பது. அதற்குள் பொருள் வரவில்லையென்றால் படிப்பை மூட்டை கட்டிவிட்டு, பக்கத்தூர் தேவாரத்தில் பார்த்து வைத்திருந்த மாப்பிள்ளைக்குச் சம்மதம் சொல்வது. அப்பா ஒன்றும் கெட்டவரில்லை. ‘தங்கச்சி இன்னுமா படிக்குது?’ என்று கடைவீதியில் கேட்டுக் கேட்டே அவரை அப்படி ஆக்கியிருந்தார்கள்.

அத்தையின் ஆராய்ச்சியைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஆள் அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான். ஹைட்ரஜனிடம் இருப்பது ஒற்றை எலக்ட்ரான். போகிற இடத்தில் அதையும் பெரும்பாலும் விட்டுக்கொடுத்துவிடும் ஏமாளி அது. சில உலோகங்களோடு சேர்ந்தால் மட்டும் கூட ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, ஹைட்ரைடு என்று பெயரையும் மாற்றிக்கொள்ளும். அது வந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பெரிய மெஷின் ஒன்றில் வைத்தால் திரையில் கோடு எழும்பும்.

“பூச்சியம்னு ஒரு வேலி இருக்குன்னு வச்சுக்க. மத்த ஹைட்ரஜன் எல்லாம் வேலிக்கு இங்கன நிக்கும். நான் தேடுறது மட்டும் அங்கன, மைனஸ் பக்கம் நிக்கும்” என்றாள் அத்தை. எனக்கு அவ்வளவு வேதியியல் போதுமாயிருந்தது.

மார்கழியில், பறிக்க வேண்டிய வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. பாதிப் பழம் வெடித்துப் போயிற்று. வியாபாரி வந்து பந்தலை அண்ணாந்து பார்த்துவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார். மிச்சத்தையாவது தேற்றலாமென்று வீடே பந்தலுக்கடியில் நின்று வெடித்த பழங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தது. விடுமுறைக்கு வந்திருந்த அத்தையும் நின்றாள். மூன்றாம் முறையாகச் செய்த பொருளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, மெஷினில் வைக்கச் சொல்லித் தோழியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கைதான் கத்தரித்தது, காது முழுக்க போனில் இருந்தது.

போன் அடித்தது. அத்தையின் கையெல்லாம் பழச்சாறு. நான் ஸ்பீக்கரைப் போட்டு அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். கூடையோடு அப்பாவும் அந்நேரம் அங்கே வந்தார்.

“மைனஸ் பதினஞ்சுடீ! மைனஸ் பதினஞ்சு!” என்றது தோழியின் குரல். அதோடு சிக்னல் போய்விட்டது.

அத்தை அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று நேரே நின்ற எனக்குத்தான் தெரியும். பின்னால் நின்ற அப்பாவுக்குத் தெரிந்தது அவளுடைய முதுகும், ஒரு மைனஸும்தான். நஷ்டத்தைத் தவிர வேறெதற்கும் மைனஸ் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. கூடையை இறக்கிவைத்தார்.

“விடு ஆத்தா. ஒரு பறிப்பு போச்சுன்னு கொடிய வெட்டியா எறியுறோம்? கவாத்துப் பண்ணிவிட்டா அடுத்த பறிப்பு வருதுல்ல? நீயும் போயி இன்னொருக்காச் செஞ்சு பாரு. தை கிய்யெல்லாம் பாக்க வேணாம். தேவாரத்துல என்னயக் கேட்டாக. அவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.”

சொல்லிவிட்டு, வெடித்த பழங்கள் நிறைந்த இன்னொரு கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

“அப்பா, அத்தை செயிச்சிருச்சு!” என்று கத்த வாயெடுத்தேன். பிசுபிசுத்த கையால் அத்தை என் வாயைப் பொத்தினாள்.

“சொல்லுவோம் புள்ள. செத்த இரு” என்றவள் அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் அவளே விஷயத்தைச் சொல்லி, அப்பா சந்தோஷத்தில் தெருவுக்கே சேவு வாங்கிக் கொடுத்தார். இன்று அத்தை ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. ஆனால் அன்று பந்தலடியில், ஏன் அழுகிறாய் என்று கேட்டதற்கு, கண்ணில் பழச்சாறு தெறித்துவிட்டது என்றாள்.

நம்பினேன். தொட்டிக்கு ஓடித் தண்ணீர் மொண்டு வந்து அவள் கண்ணைக் கழுவிவிட்டேன். எத்தனை கழுவியும் கண்ணீர் ஏன் நிற்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.