புகை கிளம்பிய இடம்

தேவயானிக்குத் திருப்பதியில் வேலை. எரிந்த காடுகளை வரைபடமாக்கித் தரும் ஓர் அலுவலகத்தில் ஆறு வருடமாக இருக்கிறாள். தீக்கு முன் சாட்டிலைட் எடுத்த படத்தையும் பின் எடுத்ததையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கருகிய பரப்பைச் சுற்றிக் கோடு இழுக்க வேண்டும். கடைசியில், தீ எங்கே தொடங்கியிருக்கலாம் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இந்த மார்ச்சில் அவளிடம் வந்த படம் விஜயபுரத்துப் பக்கத்து மலை. அவள் பிறந்த ஊருக்கு மேலே இருப்பது. இருநூறு ஏக்கருக்கு மேல் சாம்பல். ஆடு மேய்க்கும் முனிரத்தினம் பீடியை அணைக்காமல் போட்டதுதான் காரணம் என்று ஊரே சொல்ல, போலீஸார் அவனைப் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். அவன் ஆடுகளில் பாதி அந்தத் தீயிலேயே வெந்து போயிருந்தன.

தீப்பிடித்த அன்று காலை பத்தரை மணிக்கு எடுத்த படத்தைத் தேவயானி பெரிதாக்கினாள். மலையில் ஒரு கருகல்கூட இல்லை. அடிவாரத்தில் ஒரு வயலிலிருந்து வெள்ளைப் புகை கிளம்பி மலைப் பக்கம் சாய்ந்திருந்தது. வயலின் மூலையில் கிணறு, அதை ஒட்டி இரண்டு தென்னை. யாருடைய வயல் என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனாள். அப்பா வேங்கடாசலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"நைனா, கரும்புத் தோகைய அன்னிக்கா கொளுத்துன?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "காத்து திரும்பிக்கிச்சி. நான் இன்னா பண்றது?"

"முனிரத்தினத்த புட்ச்சிக்கினு போயிட்டாங்களே."

"நான் யாரையும் காட்டிக் குடுக்கல. சும்மாதான் இருந்தேன்."

அவளும் சும்மாதான் இருந்தாள். கோடெல்லாம் இழுத்து முடித்தும், அந்தக் கடைசி வரியை எழுதாமல் ஆறு நாள் வைத்திருந்தாள். ஊரிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தும் மலைப் பக்கம் பார்க்காமல் வந்தாள். ஏழாம் நாள் எழுதி, படத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

முனிரத்தினத்தை விட்டுவிட்டார்கள். வேங்கடாசலத்தின்மேல் கேஸ் போட்டார்கள். அவர் மகளைத் திட்டவில்லை. அவளிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார். அம்மாதான் போனில் கேட்டாள்: "பெத்தவன காட்டிக் குடுக்கத்தான் உனக்கு சம்பளம் தர்றாங்களா?"

சித்திரை வெயிலில் தேவயானி முனிரத்தினத்தின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி செங்கம்மா வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். மிச்ச ஆடுகளை விற்றாயிற்று. பட்டி காலியாகக் கிடந்தது.

"அண்ணன் எப்பிடி இருக்காருக்கா?"

"படுத்துக்கினு கீறாரு. எழுந்தா நெஞ்சு வலிக்குதாம். உள்ள அட்ச்சிட்டாங்க." செங்கம்மா நிமிர்ந்தாள். "நீதான் படத்த பாத்து சொன்னியாமே. என்னிக்கு பாத்த?"

பொய் சொல்லியிருக்கலாம். தேவயானி தேதியைச் சொன்னாள்.

"அதுக்கு மறுநாளுதான் அவர அட்ச்சது," என்றாள் செங்கம்மா. குரலை உயர்த்தவில்லை. புளியை முறத்தோடு எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

தேவயானி அப்பா வீட்டுக்குப் போகவில்லை. திருப்பதிக்குத் திரும்ப, ரோட்டுக்கு வந்து புத்தூர் பஸ்ஸுக்கு நின்றாள்.