காட்டாமணக்குதானே, எடுங்க

பஸ்ஸுக்கான டீசல் செடியில் காய்க்கும் என்று இரண்டு கட்சி மேடையிலும் பேசிய காலம். முத்துப்பேட்டைக்குப் போகும் வழியில், வாய்க்கால் ஓரத்துச் சோதனைத் திடலில் நான் தனியாக இருந்தேன். காட்டாமணக்கை இனம் கலந்து, விதையில் எண்ணெய் கூடுகிறதா என்று பார்க்கும் வேலை. நாற்பது செடியில் பதினேழாவதுதான் தேறியது. பேச ஆளில்லாததால் அதனிடம்தான் பேசுவேன். குறுக்கே பேசாது.

தஞ்சாவூருக்கு மீட்டிங் போயிருந்தபோது தூர்வாரும் மேஸ்திரி போன் செய்தார்.

"சார், திடலோரம் காட்டாமணக்கா மண்டிக் கெடக்கு. வெட்டிடவா?"

எங்கள் பக்கம் வாய்க்காலை அடைக்கும் களைக்கும் அதே பேர்தான். நான் களையை நினைத்துத் தாராளமாகச் சொன்னேன்: "காட்டாமணக்குதானே, ஒண்ணு விடாம எடுங்க."

மறுநாள் வந்தால் திடலும் மொட்டை. என் சொல்லுக்கு அவ்வளவு மரியாதை அதற்குமுன் யாரும் கொடுத்ததில்லை. வெட்டிப் போட்ட கிளையாவது கிடைக்குமா என்று வாய்க்காலுக்குள் இறங்கி ஓடினேன். சேற்றில் ஒரு செருப்பு போனது. அதைத் தேடி மற்றதையும் தொலைத்தேன்.

"கெளைதானே தேடுறீங்க? எங்க வேலியில நிக்குது சார்!" கரையிலிருந்து சிரித்தார், களை வெட்ட வந்திருந்த அக்கா ஒருவர். வெட்டிய கிளைகளைத் தன் குடிசையைச் சுற்றி நட்டிருந்தார். நட்டால் பிழைக்கிற செடி. எனக்கும் உயிர் வந்தது. ஆனால் செடியில் நான் கட்டியிருந்த பதினேழு என்ற தகடு அவர் ஆட்டின் கழுத்தில் தொங்கியது.

"இதுல பதினேழு எது அக்கா?"

"எனக்கு எல்லாம் குச்சிதான்."

"எல்லாத்தையும் புடுங்கிக் குடுத்துடுங்களேன்."

சிரிப்பு நின்றது. "இந்த எடத்துக்கு மிராசுதாரோட கேஸ் நடக்குது சார். வேலி இல்லன்னா நாளைக்கே டிராக்டர விட்டு ஓட்டிடுவாங்க. காய்க்கட்டும், காய எடுத்துக்குங்க."

பிடுங்கவில்லை. ஒவ்வொரு குச்சிக்கும் புது எண் கட்டினேன். காய்க்கும்வரை தினமும் சாயங்காலம் வேலியைப் பார்க்கப் போனேன். "குச்சிக்காரரு வந்துட்டாரு," என்று அக்கா டீ போடுவார். அவர் குறுக்கே பேசுவார், நன்றாகவே பேசுவார்.

அடுத்த வருடம் விதைகளைப் பிழிந்து பார்த்ததில், ஆட்டுப்பட்டி மூலையில் நின்றதுதான் பதினேழு என்று தெரிந்தது. அதில் ஒரு கிளையை வாங்கித் திடலில் நட்டேன். இனி வேலிப்பக்கம் போகக் காரணமில்லை.

ஆபீசுக்கு எழுதினேன்: முடிவில் ஐயம் உள்ளது, வேலியில் மறுசோதனை தேவை.