தப்பிய கைக்கு ஒரு டக்

ஆய்வுக்கூடத்துக் குரங்குகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். பத்தொன்பது வருஷத்தில் ஒரு விதி அவளுக்கு ரத்தத்தில் ஊறிப்போயிருந்தது: கை தப்பினால் சாறு கிடையாது. திரையில் ஒரு புள்ளி தெரியும். குரங்கு முதலில் அதை உற்றுப் பார்க்க வேண்டும், பிறகு தொட வேண்டும். சரியாகத் தொட்டால் கருவி 'டக்' என்னும். குழாயில் ஒரு சொட்டுப் பழச்சாறு வரும். முழி ஒரு பக்கம் கை ஒரு பக்கம் போனால் ஒன்றும் வராது. பாவம் பார்த்துச் சாறு கொடுத்த புது ஆளை அவள் ஒருமுறை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள்.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். சந்துபொந்தெல்லாம் உரசாமல் ஓட்டியவர். பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு, எதிரே இருப்பது டம்ளர் என்று சரியாகச் சொல்வார். எடுக்கப் போனால் கை ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடிக்கும். ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா விளக்கினார்: பார்த்தது என்ன என்று அறிய மூளையில் ஒரு வழி, அது எங்கே என்று கைக்குச் சொல்ல இன்னொரு வழி. இவருக்குக் கெட்டது இரண்டாவது. கண் நேராகப் போய் நின்றால், கை ஓரளவு பின்னாலேயே வந்துவிடும்.

அவள் வேலைக்குக் கிளம்பும்போது காதோரம் கலைந்த முடியை ஒதுக்கிவிடுவது அவர் பழக்கம். கல்யாணமான நாளிலிருந்து. ஆறு மாதமாக அது இல்லை. அவள் கேட்கவுமில்லை, செருப்பு மாட்ட மட்டும் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலங்களில் டம்ளர் பயிற்சி. சரியாகப் பிடித்தால் நாக்கை மடித்து 'டக்' என்பாள்.

"என்னைக் குரங்குன்னே நெனச்சுட்டியா?"

"அது மூணு வாரத்துல கத்துக்கிச்சுங்க."

"அதுக்கு ஜூஸ் குடுக்குற. எனக்கு வெறும் சத்தந்தான்."

டம்ளர் ஒருவழியாக வசப்பட்டது. அடுத்த வாரம் ஒரு காலையில், அவள் செருப்பு மாட்டும்போது அவரே கூப்பிட்டார்.

"இங்க வா. ஆடாம நில்லு."

நின்றாள். அவர் கண் அவள் காதோரத்தில் போய் நின்றது. கை எழுந்தது, காதைத் தாண்டித் தோளில் விழுந்தது.

"தப்பிடுச்சா?"

பத்தொன்பது வருஷ விதி நாக்கு நுனி வரை வந்து நின்றது. 'டக்' என்றாள்.

"பொய் சொல்ற." சொன்னாரே தவிர, கையை எடுக்கவில்லை.

அன்றைக்கு பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில், ஜன்னலோரக் காற்றில் முடி முகத்தில் விழுந்து விழுந்து அடித்தது. அவள் அதை ஒதுக்கிக்கொள்ளவில்லை. நாளைக்கு அவர் கைக்கு வேண்டுமே.