இரண்டாவது கையெழுத்து

யாரையும் நம்ப வைப்பதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பழைய பதிவேடு இப்போது என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. பியூரெட் என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் அளவைப் பார்த்து ஒருவர் பதிவேட்டில் எழுதினால், இன்னொருவரும் தனியே பார்த்து, பக்கத்துக் கட்டத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவது கையெழுத்து இல்லாத முடிவு செல்லாது. மாதம் முழுக்க அப்படிப் போனால், என்னைப் போலப் பயிற்சியில் இருப்பவளுக்கு வேலையும் போய்விடும்.

ஆபீஸ் வேன் ஓட்டுநர் என்னிடம் தவறாக நடந்துகொண்டான். புகார் கொடுத்தேன். மறுநாளிலிருந்து என் மேஜைப் பக்கம் யாரும் வரவில்லை. அவன் எப்போதும்போல எல்லோருடனும் நின்று டீ குடித்தான்.

"அக்கா, ஒரே ஒரு ரீடிங். பாத்துட்டுப் போங்களேன்."

"உனக்குப் போட்டா என்னையும் சேத்துப் பேசுவாங்கம்மா," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. பையை மாட்டிக்கொண்டே, "நீ சிரிச்சுப் பேசாமலா அவன் கைய வச்சான்?" என்றாள்.

நான் அவனிடம் பேசியதே இல்லை. யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை நான்.

மறுநாள் முதல் தேதி. மாலை 5.40. எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். 14.2 என்று எழுதிவிட்டுக் கை கழுவப் போனேன். பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம்... திரும்பினேன். யாரும் இல்லை.

பக்கத்துக் கட்டத்தில் 14.3 என்று எழுதியிருந்தது. அருகில், எனக்குத் தெரியாத ஒரு கையெழுத்து.

குனிந்து பியூரெட்டைப் பார்த்தேன். 14.3தான். பிழை என்னுடையது.

அடுத்த நாளும் 5.40. ஸ்டூல். கையெழுத்து. அதற்கடுத்த நாளும்...

ஒரு நாள் திரும்பாமல் நின்றேன். பேனா தாளில் ஓடியது கேட்டது.

பின்கழுத்தில் மூச்சு.

குளிர்ந்த மூச்சு.

"தேங்க்ஸ்," என்றேன்.

பேனா நின்றது.

மாதக் கடைசியில் மேலாளர் பக்கங்களைப் புரட்டினார். கையெழுத்து இருந்தது. யாருடையது என்று கேட்கவில்லை. என் வேலை தப்பியது.

நான்தான் கேட்டேன், பழைய பதிவேடுகளை வைத்திருக்கும் ஸ்டோர்காரரிடம். அவர் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது அந்தப் பொண்ணு கையெழுத்தும்மா. ஏழு வருஷம் முன்னாடி உன் இடத்துல இருந்துச்சு. ஒருநாள் வேலை முடிஞ்சு போறப்ப நாலு பேர் சேந்து... எப்படியோ உயிரோட வந்துச்சு. அப்புறம் யாரும் பக்கத்துல உக்காரல. அது எடுத்த ரீடிங் எதுக்கும் ஒருத்தரும் கையெழுத்துப் போடல. நானும் பாத்துட்டுத்தான் இருந்தேன்."

"இப்ப எங்க இருக்காங்க?"

"வேலை போச்சு. அந்த வாரமே உசுரையும் விட்டுடுச்சு."

அவர் மேல் தட்டிலிருந்து அவளுடைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

"பாரு, கடைசி மாசம் பூரா ரெண்டாவது கட்டம் காலியா..."

திறந்தவர் பக்கத்தை என் பக்கம் திருப்பினார்.

எதுவும் காலியாக இல்லை. ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது கையெழுத்து இருந்தது.

என்னுடையது.

ஏழு வருடங்களுக்கு முன் நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி வரியைத் தொட்டேன். மை விரலில் ஒட்டியது.