விழறதுக்கு முந்தின சாத்தானுக்கு டிரஸ்

நாடக டிரஸ் வாடகைக்கு விடுற தொழில்ல, சாமி வேஷம் கேட்டு வர்றவங்களை எப்படியோ சமாளிச்சுடலாம். அசுரன் வேஷம் கேட்டு வர்றவங்ககிட்டதான் நாக்கு தள்ளிடும். திருவண்ணாமலை தேரடி வீதியில ரொம்ப வருஷம் கடை வெச்சிருந்தவன் சொல்றேன். எதையாவது வாடகைக்கு விட்டுப் பார்த்தவங்களா இருந்தா, என் கஷ்டம் உங்களுக்குத் தானா புரியும்.

கொம்பு வேணாம்

எழுபதுகளோட கடைசி. தீபக் கூட்டம் வடிஞ்ச மறுவாரம், சர்ச்சுல பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லிக்குடுக்கிற உபதேசியார் ஞானமுத்து கடைக்கு வந்தார். கிறிஸ்மஸ் நாடகத்துக்குச் சாத்தான் டிரஸ் வேணுமாம். இதென்ன பெரிய விஷயம்னு கறுப்பு அங்கி, கொம்பு, வாலு எல்லாத்தையும் எடுத்துப் போட்டேன். அதெல்லாம் ரெண்டாவது காட்சிக்கு, முதல் காட்சியில அவன் இன்னும் விழவே இல்லன்னார்.

விழறதுக்கு முன்னாடி என்னவா இருந்தான்னு கேட்டேன். கேருபுன்னு ஒரு வகை தேவதூதன், அபிஷேகம் ஆனவன், அறிவுலயும் அழகுலயும் குறையே கிடையாது, காவல் காக்கிறது வேலைன்னார். கடவுளோட பரிசுத்த மலையில, நெருப்புக் கல்லுங்களுக்கு நடுவுல நடமாடினவனாம். நெருப்பு, மலைன்னதும் என் கண்ணு தானா வாசப்பக்கம் போச்சு. அவர் அதைக் கவனிச்சுட்டார்.

"இந்த மலை இல்லண்ணே, அது வேற மலை."

துரியோதனன் கல்லு

அந்தக் கேருபு மேல என்னென்ன ரத்தினம் இருந்துச்சுன்னு எசேக்கியேல் தீர்க்கதரிசி எழுதி வெச்சிருக்காராம். பத்மராகம், புஷ்பராகம், கோமேதகம், இந்திரநீலம்னு உபதேசியார் அடுக்கிட்டே போனார். என் கடையில ஜாஸ்தி கல்லு இருந்தது கூத்துல துரியோதனன் வைக்கிற கட்டைக் கிரீடத்துலதான். அதுவும் கண்ணாடிக் கல்லு. அதையே எடுத்துக் குடுத்தேன்.

மனுஷன் மூஞ்சி தெளியல. என்னன்னு கேட்டா, அவங்க பாதிரியார் இந்த நாடகத்துக்கு ஒத்துக்கவே இல்லையாம். அந்த வசனமெல்லாம் தீருன்ற பட்டணத்து ராஜாவையும் பாபிலோன் ராஜாவையும் பார்த்துச் சொன்னது, சாத்தான்னு பேரே அங்க கிடையாதுன்றது பாதிரியார் கட்சி. ராஜாக்களுக்குப் பின்னால நின்னவனைத்தான் சொல்லுதுன்றது இவர் கட்சி. இவர் விடாம கெஞ்சினதுல பாதிரியார் அரைமனசா விட்டுக்குடுத்தாலும், எங்கயாவது ஒரு இடத்துல சொதப்பினா இனிமே சபையில நாடகமே கிடையாதுன்னுட்டாராம். வருஷம் பூரா அந்த ஒரு நாளுக்காகவே எழுதிக்கிட்டிருக்கிற மனுஷன். எனக்குப் பாவமா இருந்துச்சு.

எங்க கடையில வேஷம் கட்டிவிடுற கூத்துக்காரர் முனுசாமி மட்டும், இவ்ளோ வெச்சிருந்தவனுக்கு இன்னும் என்னதான் வேணுமாம்னு கேட்டார். உபதேசியார் யோசிக்கவே இல்ல.

"ஒரு நாற்காலிதாங்க. எல்லாத்துக்கும் மேல போட்டது."

கழலாத கிரீடம்

நாடகத்தன்னிக்கு சாயங்காலம் முனுசாமிதான் கிரீடம் கட்டினார். சாத்தானா நடிச்சவர் ஒரு பஸ் கண்டக்டர், நல்ல உயரம். கூத்துல எவ்ளோ சுத்தி ஆடினாலும் கிரீடம் அசையக்கூடாதுன்னு துணிக்கயித்தை நனைச்சு இறுக்குவாங்க. முனுசாமி பழக்கதோஷத்துல அப்படியே இறுக்கிட்டார். அந்தக் கிரீடத்தைக் கழட்டிட்டுத்தான் சாத்தானைக் கீழ தள்ளணும்னு அவருக்கு யாரும் சொல்லல.

தேவதூதருங்க ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்தாங்க. வரல. மறுபடி இழுத்தாங்க. வலி தாங்காம கண்டக்டர் ரெண்டு கையாலயும் கிரீடத்தைப் பிடிச்சுக்கிட்டார். ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. கடைசியில கிரீடத்தோடவே உருட்டி விட்டாங்க. உபதேசியார் திரைக்குப் பின்னால தலையில கை வெச்சு உட்கார்ந்துட்டார். பாதிரியார் எழுந்து வர்றதைப் பார்த்து நானே முந்திக்கிட்டு, தப்பு எங்க ஆளோடதுங்க, அவரை ஒண்ணும் சொல்லாதீங்கன்னேன்.

பாதிரியார் என்னைப் பார்க்கக்கூட இல்ல. நேரா உபதேசியார்கிட்ட போனார்.

"உத்தியோகம் போச்சு, மலையை விட்டே துரத்தியாச்சு, அப்பவும் கிரீடத்தை மட்டும் விடமாட்டேன்னான் பாருங்க. அவன் சாத்தான்தான், ஒத்துக்கறேன். அடுத்த வருஷமும் நீங்களே எழுதுங்க."

வேஷத்தைக் கட்டிவிடத்தான் எங்களால முடியும். கழட்டுறது அவங்கவங்க பாடு.