சோப்புப் போட்ட பட்டி

எழுபதுகளின் நடுவில், கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தேன். பொள்ளாச்சி பஸ்ஸில் இறங்கி ஒரு மைல் வரப்பில் நடக்க வேண்டும். பாலக்காட்டில் கோயிலை ஒட்டிய பழைய தெருவில் பிறந்தவள் நான். தமிழும் மலையாளமும் தண்ணீர் பட்ட பாடு என்கிற திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

ஒரு திங்கட்கிழமை வெறிநாய்க்கடி பற்றி அச்சடித்த மலையாள நோட்டீஸ் ஒன்று வந்தது. தலைமையாசிரியர் எழுத்துக்கூட்டி முதல் வரியைத் தாண்டுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "நான் பாத்துக்கறேன் சார்" என்று வாங்கிக்கொண்டேன்.

வகுப்பில் வரிக்கு வரி தமிழில் சொன்னேன். "பேப்பட்டி கிட்டப் போகப்படாது. கல்லெடுத்து எறியப்படாது. பேப்பட்டி விஷத்துக்குச் சோப்புதான் முதல் மருந்து. நன்னா நுரைக்க நுரைக்கத் தேச்சுக் கழுவணும். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்டார்கள். என் திறமையில் எனக்கே புல்லரித்தது.

ஒருவன் எழுந்தான். "பேய்ப்பட்டி எங்கீங்க டீச்சர் இருக்கும்?"

"எங்க வேணும்னாலும் இருக்கும். உங்க வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கும்."

வகுப்பு மொத்தமும் வெளிறிப்போனது. பாடம் மனதில் பதிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் மணி அடிப்பதற்குள் ஒரு தகப்பன் வாசலில் வந்து நின்றார். ஆடு வைத்துப் பிழைப்பவர். அவர் மகள் என் வகுப்பில் முதல் வரிசை.

"ஏனுங்க டீச்சர், பட்டிக்குள்ளாற பேய் இருக்குதுன்னு சொல்லிக் குடுத்தீங்களாமா?"

"பேயா? நான் எப்போ சொன்னேன்?"

"எம்பட புள்ளை ரெண்டு கட்டி சோப்பையும் கரைச்சு, பட்டிப் படலெல்லாம் தேச்சுக் கழுவியுட்டுதுங்க. அந்த வாசத்துக்கு ஒரு ஆடு உள்ள போக மாட்டீங்குதுங்க."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தெருவில் பட்டி குரைக்கும். மலையாளம் கலந்து பேசிப் பேசி நாய்க்கு எங்கள் வாயில் அதுவே பெயராகிவிட்டது; பேப்பட்டி என்றால் வெறிநாய். இந்த ஊரிலோ பட்டி என்றால் ஆடு அடைக்கிற இடம். எல்லாவற்றையும் தமிழாக்கிய நான் அந்த ஒரு சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன். பேய்ப்பட்டி என்று கேட்ட பிள்ளைகள் வீட்டுக்குப் பின்னால் போய் ஆட்டுப்பட்டியைப் பார்த்திருக்கிறார்கள்.

தகப்பனை வாசலிலேயே நிறுத்திவிட்டு, பட்டி என்றால் நாய் என்று வகுப்புக்கு விளக்கினேன். ஒரே சிரிப்பு. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடுதான் கேட்டேன், யாரையாவது நாய் கடித்திருக்கிறதா என்று. ஒருவரும் இருக்க மாட்டார்கள் என்ற நினைப்பு.

முதல் வரிசைக்காரி எழுந்து பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். இரண்டு பல் தடம். மேலே சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"எப்போடி?"

"சனிக்கெழமைங்க. செவலை நாயிங்க."

"நேத்து அவ்வளவு சொன்னேனே, ஏண்டி வாயைத் திறக்கலை?"

"நீங்க பட்டியத்தானுங்க டீச்சர் சொன்னீங்க. என்னையக் கடிச்சது நாயிங்க."

வாசலில் நின்ற தகப்பன் உள்ளே ஓடி வந்தார். "சந்தைக்கிட்ட ஒரு செவலை நாய் நேத்து வெறி புடிச்சுச் செத்துதுங்களே, டீச்சர்."

தலைமையாசிரியர் தம் சோற்றுத் தூக்குப்போசி கழுவ வைத்திருந்த துண்டு சோப்பைப் பிடுங்கி வந்து, அவள் காலை நானே கழுவினேன். பட்டிக்கு இரண்டு கட்டி, காலுக்கு ஒரு துண்டு. அதை நினைத்து அழுதுகொண்டே கழுவினேன்.

மூவரும் பக்கத்துச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். தேர்த் திருவிழாவுக்குப் போகிறவள் மாதிரி அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். டாக்டர் மலையாளத்தில் "பட்டி கடிச்சோ?" என்று கேட்டதும் அவரை ஒரு நொடி பார்த்து, "ஆமாங்க. பட்டின்னா நாயிங்க" என்று அவருக்கும் விளக்கினாள்.

தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி, நாளைக்கு ஒன்றாக. எல்லாம் முடிந்த பிறகும் எனக்குப் பயம் விடவில்லை. வெறி கண்டவர்கள் தண்ணீரைக் கண்டால் மிரளுவார்கள் என்று கேட்டிருந்ததால், அவள் தண்ணீர் குடிக்கிறாளா என்று தினமும் வெறித்துப் பார்ப்பேன். கண்டுபிடித்துவிட்டாள். அதன்பின் காலையில் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு, என் மேஜைக்கு முன்னால் வந்து கடகடவென்று குடித்துக் காட்டிவிட்டுப் போவாள். அந்த வருஷம் முழுவதும் ஒரு நாள் தவறவில்லை.

பரீட்சைக்கு முன் இன்ஸ்பெக்டர் வந்தார். தம் ஆபீஸ் அனுப்பிய நோட்டீஸ் அவருக்கு நினைவிருந்தது. "வெறிநாய் கடிச்சா முதல்ல என்ன செய்யணும்?" என்று தமிழிலேயே கேட்டார். முதல் வரிசையில் கை உயர்ந்தது.

"டீச்சர் சொன்னது என்னன்னு இன்னொருக்கா கேட்டுக்கோணுங்க. அப்பறந்தானுங்க சோப்பு."