பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு கைப்பிடி

தெருவே அவளை முசுடு என்றுதான் கூப்பிட்டது. அவளும் அந்தப் பெயருக்கே திரும்பிப் பார்த்தாள். நாய் ஆஸ்பத்திரியில் பதினோரு வருடமாகப் பெருக்கித் துடைக்கிற வேலை. மனிதர்களைப் பிடிக்காது, நாய்களை அதைவிடப் பிடிக்காது. அவள் முறைத்தால் பால் திரியும் என்று கம்பவுண்டர் சத்தியமே செய்வார்.

ஆனாலும் ஒரு வித்தை கைவசம் இருந்தது. நாய் எடுத்த வாந்தியைத் துடைக்குமுன் குனிந்து ஒரு நிமிஷம் பார்ப்பாள். "வெங்காயம் தின்னிருக்கு" என்பாள். டாக்டர் நாயை வளர்ப்பவரைக் குடைந்து குடைந்து, அரை மணி நேரம் கழித்து அதே வெங்காயத்துக்கு வந்து சேர்வார்.

இந்த வித்தைக்கு வீட்டில் கால் காசு மரியாதை கிடையாது. புருஷன் போனபின் அண்ணன் வீட்டுப் பின்னறையில் ஒண்டியிருந்தாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அண்ணியின் செல்ல நாய் துரை, அந்தப் பகையைத் தன் பங்குக்கு நன்றாகவே வளர்த்தது. ஒரு திங்கட்கிழமை அவளுடைய புதுச் செருப்பைக் குதறிப் போட்டது.

"இந்தச் சனியன் செத்தாத்தான் எனக்கு நிம்மதி" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டாள். நாலு வீட்டுக் காதில் விழுந்தது.

அண்ணி அதைப் பிடித்துக்கொண்டாள். மருந்துக் குப்பியெல்லாம் புழங்குகிறவள், எதையாவது கலந்துவிட மாட்டாளா? அன்றிலிருந்து அடுப்படிச் சோறு துரைக்கு நின்றது. அண்ணி தன் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டாள். அதற்குள்ளிருந்து என்னத்தையோ எடுத்துத் தன் கையாலேயே ஊட்டினாள். அது என்னவென்று அண்ணனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை மத்தியானம் முசுடு வேலை முடிந்து வந்தபோது துரை தரையில் துணிபோலக் கிடந்தது. காலையிலிருந்து ஒண்ணுக்குப் போகவில்லை. அதன் தலையை மடியில் வைத்திருந்த அண்ணி நிமிரவேயில்லை.

"வந்துட்டா. என்னத்த வெச்சான்னு கேளுங்க."

அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நாய்க்கு ஒண்ணு ஆச்சுன்னா நீ பெட்டியக் கட்டிக்க வேண்டியதுதான்."

பெட்டி கட்டலாம், கட்டிக்கொண்டு போக ஓர் இடம் வேண்டுமே. அவள் வாதாடவில்லை. வாந்தி எடுத்ததா என்று மட்டும் கேட்டாள். எடுத்தது, துடைத்தாயிற்று என்றான் அண்ணன். அவள் நேரே குப்பைக் கூடைக்குப் போய் அந்தத் துணியை எடுத்து, கொல்லை வெயிலில் விரித்தாள். கறுப்பாக, ஊதிப்போய், தோல் சுருக்கம் பாதி விரிந்தபடி ஏழெட்டு உருண்டைகள்.

"அண்ணி, சாவியக் குடுங்க."

"எதுக்கு?"

"உங்க நகைய நானா திங்கப் போறேன்? குடுங்க."

அண்ணன் வாங்கித் திறந்தான். புடவைகளுக்கு அடியில் ஒரு டப்பா, அதில் பாதி காலி. உலர்ந்த திராட்சை.

"பழம்தானே" என்றாள் அண்ணி. குரல் இறங்கியிருந்தது. "காலைல ஒரு கை, சாயங்காலம் ஒரு கை. உடம்புக்குச் சத்துன்னு..."

"உங்க உடம்புக்குச் சத்து. நாய்க்குத் திராட்சை ஆகாது, பச்சையும் ஆகாது, காஞ்சதும் ஆகாது. கிட்னி போயிடும். நான் வெப்பேன்னு பயந்து நீங்களே வெச்சுட்டீங்க."

மேலே பேச நேரமில்லை. அண்ணன் வண்டியை எடுக்க, முசுடு பின்னால் உட்கார்ந்து துரையை மடியில் இறுக்கிக்கொண்டாள். அந்த நிலையிலும் அது அவள் கட்டைவிரலைக் கடித்தது. அவளும் வழி முழுக்க அதைத் திட்டிக்கொண்டேதான் போனாள். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் நரம்பில் மருந்து ஏறியது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். துரை பிழைத்தது. பின்னறையும் பிழைத்தது.

அண்ணி மன்னிப்புக் கேட்கவில்லை, இவளும் எதிர்பார்க்கவில்லை. பேச்சு அடியோடு நின்றது. ஆனால் தினம் துரைக்குச் சோறு வைக்குமுன் அண்ணி தட்டைத் தரையோடு பின்னறை வாசலுக்குத் தள்ளுவாள். முசுடு குனிந்து பார்ப்பாள். வெறுஞ்சோறு, வேகவைத்த முட்டை, பூசணி என்றால் காலால் திருப்பித் தள்ளுவாள். குழம்பு பட்டிருந்தாலோ, வெந்த எலும்பு கிடந்தாலோ தட்டு அவள் பக்கமே நிற்கும். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு வந்து எடுத்துப்போய் மாற்றி வைப்பாள்.

அது முடியும்வரை துரை நடுவில் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருக்கும், பின்னறையைப் பார்த்து மட்டும்.